உலகக் கிண்ணத்தை எங்கே பார்ப்பது? சப்ரகமுவத் தோட்டங்களில் திரையும் இடமும்

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் வருகிற ஆண்டில் கொழும்புக்காரருக்கு எங்கே போய்ப் பார்ப்பது என்ற கவலை கிடையாது. கடற்கரையோர ஹோட்டல்களில் பெரிய திரை கட்டுவார்கள். கிளப்புகளில் மேசை பிடித்து வைக்கலாம். எதுவும் இல்லாவிட்டால் வீட்டில் சொந்தத் தொலைக்காட்சி இருக்கிறது. தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களிலும் அதே ஆட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இங்கே அந்தக் கேள்விக்குள் வேறு பல கேள்விகள் இருக்கின்றன. திரை யாருடையது? அது இருக்கிற இடம் யாருடையது? ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டு எத்தனை மணிக்கு? மழை எப்படி? திரும்பி வரும் பாதை எப்படி?

இந்த நாற்பது ஆண்டுகளில் தோட்டத்தில் திரைகள் பெருகியிருக்கின்றன. ஒரு டிவிசன், அதாவது ஒரு தோட்டப் பிரிவின் சனம், யாருக்கும் கடமைப்படாமல் கூடியிருந்து பார்க்க ஓர் இடம் மட்டும் இன்னும் உண்டாகவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். மலையகம் என்றதும் பலருக்கு நினைவு வருவது நுவரெலியாதான்: தேயிலை, தேயிலை, மேலும் தேயிலை. சப்ரகமுவ அப்படி இல்லை. இங்கே ரப்பரும் தேயிலையும் கலந்தே கிடக்கின்றன. கீழே ரப்பர், மேலே தேயிலை, நடுவில் சிங்களக் கிராமம், பிறகு மீண்டும் ஒரு டிவிசன். இரண்டு மூன்று லயம், அதாவது வரிசை வீடுகள், மட்டுமே உள்ள பிரிவுகள் நிறைய உண்டு. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ தோட்டத்துச் சனம் நடந்து போய்ச் சேரக்கூடிய தமிழ்க் கடைத்தெரு இருக்கிறது. இங்கே பல டிவிசன்களுக்கு டவுன் என்பது த்ரீவீல் பிடித்துப் போகிற தூரம். இரவில் அந்த த்ரீவீலும் கிடைக்காது. கூட்டம் சிறியது, தூரம் பெரியது. இதனால்தான் எங்கே பார்ப்பது என்பது இங்கே கடினமான கேள்வியாகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் விளையாட்டைக் கூடி ரசிக்கும் இடம் கிளப்தான். அவிசாவளைப் பக்கத்துக் களனிவெளி கிளப் போன்றவை தோட்டத் துரைமாருக்காக உண்டானவை. தோட்டத்துக்குள் உத்தியோகத்தர் கிளப் என்று இன்னொன்று இருந்தது. அங்கே கிளாக்கரும் டீமேக்கரும் கேரம் ஆடி ரேடியோ கேட்பார்கள். கொழுந்து எடுப்பவருக்கும் பால் வெட்டுபவருக்கும் இரண்டிலும் இடமில்லை. லயத்துக்கு விளையாட்டுச் செய்தி வந்து சேர்ந்தது ரேடியோ வழியாக. ஒரு காம்பராவில் ரேடியோ இருந்தால் அதன் முன்திண்ணையான இஸ்தோப்பே கிளப். இதை ஒரு குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. கேட்கிற பெட்டிக்கு முன்னால் எத்தனை பேரும் உட்காரலாம். முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி புடைத்தபடியும் கேட்கலாம். திரை வந்த பிறகுதான் முன்வரிசை, பின்வரிசை என்று வந்தது.

தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி ஆரம்பித்ததோடு இலங்கைக்கு வந்தது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. அதன் பிரதான ஒளிபரப்பு 2,524 மீட்டர் உயரத்துப் பிதுருதலாகலை உச்சியிலிருந்து. உச்சி எவ்வளவு உயரமானாலும், மலை மடிப்புக்குள் ஒதுங்கிக் கிடக்கிற ஒரு பள்ளத்து லயத்துக்கு முன்னால் இன்னொரு மலை நின்று மறைத்துவிடும். கமுக மரத் தடியில் அன்டெனாவைக் கட்டி ஒருவர் வெளியே திருப்ப, உள்ளேயிருந்து "இன்னுங் கொஞ்சம், தம்பி, இன்னுங் கொஞ்சம்" என்று குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டிகள் லயத்துக்குள் வந்ததற்குக் காரணம் தோட்டச் சம்பளம் அல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் அனுப்பிய காசில், அல்லது அவர்களே திரும்பும்போது கட்டிக்கொண்டு வந்த பெட்டியில்தான் பல லயங்களின் முதல் தொலைக்காட்சி வந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னாளில் அதே திரைக்கு முன்னால் பெண்களுக்குத்தான் கடைசி இடம் கிடைத்தது.

கரண்ட் இல்லாத லயத்தில் கறுப்பு வெள்ளைப் பெட்டி கார் பற்றரியில் ஓடியது. பற்றரியை டவுனுக்குத் தூக்கிப் போய்ச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வர வேண்டும். அது இறங்க இறங்கப் படம் நாலாபக்கமும் சுருங்கி நடுவுக்கு வரும். வீரர்கள் சிறிதாகிக்கொண்டே போவார்கள். விவரம் தெரிந்த வீட்டுக்காரர் நாடகத்தை நிறுத்தி வைத்து ஆட்டத்துக்குப் பற்றரியைச் சேமிப்பார்.

சப்ரகமுவத் தோட்டங்களின் கூட்டுப் பார்வைக்கு உச்சமாக நான் கருதுவது உதைபந்து அல்ல, கிரிக்கெட்தான். 1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, லாகூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். அவுஸ்திரேலியா 241, இலங்கை மூன்று விக்கெட்டுக்கு 245, அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. ஆட்டம் நம் நேரத்தில் பிற்பகலில் தொடங்கி இரவில் முடிந்தது. லீவு நாள், பிரட்டு இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் அடங்காத சனம் ஜன்னலில் தொங்கியது. திரையில் பந்து வீசிக்கொண்டிருந்த முத்தையா முரளிதரனின் பாட்டனார் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அந்த ஒருவருக்காகவே ஆட்டம் புரியாத கிழவிகளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரவு ஆட்டம் முடிந்ததும் பக்கத்துக் கிராமத்தில் வெடித்த பட்டாசைக் கேட்டு லயத்தில் யாரும் பயப்படவில்லை.

அதை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்கு முன் இருபது ஆண்டுகளில் சப்ரகமுவ மாவட்டங்களில் இரவுச் சத்தம் என்றாலே பயம்தான். 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன. எத்தனையோ குடும்பங்கள் எல்லாவற்றையும் விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறின. ரப்பர் காட்டுக்குள் இரவைக் கழித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். டவுன் தேத்தண்ணிக் கடையில் பெரிய தொலைக்காட்சி இருக்கிறதே, அங்கே போய்ப் பார்க்கலாமே என்று இளைஞன் கேட்கும்போது பாட்டி வேண்டாம் என்று சொல்வதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. இன்றைய பிள்ளைகள் கிராமத்துப் பிள்ளைகளோடு ஒரே மைதானத்தில் மென்பந்து ஆடுகிறார்கள், ஒரே கடையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அது பெரிய மாற்றம், நல்ல மாற்றம். ஆனால் டவுன் கடையில் பார்ப்பது ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்த வழி. அதுவும் கடைக்காரர் கதவடைக்கிற வரைக்கும்தான்.

அடுத்தது நேரம். கிரிக்கெட் பெரும்பாலும் நம் பகலில் நடக்கும். உதைபந்து நம் இரவைக் கேட்கிறது. 2014இல் பிரேசிலில் நடந்த இறுதி ஆட்டம் இங்கே திங்கட்கிழமை நள்ளிரவு தாண்டி 12.30க்கு ஆரம்பமானது. 2018இல் மொஸ்கோ இரவு 8.30 என்று இரக்கம் காட்டியது. 2022இல் கட்டாரில் இறுதி ஆட்டம் டிசம்பர் 18, ஞாயிறு இரவு 8.30க்கு. ஆர்ஜென்டினாவும் பிரான்சும் மூன்றுக்கு மூன்று என்று நின்று, பெனல்டியில் நாலுக்கு இரண்டு என்று முடியும்போது பதினொன்றைத் தாண்டியிருந்தது. 2026இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலுமாக ஜூன் 11 தொடங்கி ஜூலை 19 வரை 48 அணிகள் 104 ஆட்டம். அங்கே கிழக்குக் கரையில் நண்பகல் ஆட்டம் நமக்கு இரவு 9.30. மூன்று மணி ஆட்டம் நள்ளிரவு 12.30. மாலை ஆறு மணி ஆட்டம் அதிகாலை 3.30. இரவு ஒன்பது மணி ஆட்டம் காலை 6.30.

இந்தக் கணக்கை ஒரு பால்வெட்டுக்காரரின் நாளோடு சேர்த்துப் பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் மரம் பால் விடும். விடியலிலேயே கத்தியோடு போய்ச் சுமார் முந்நூறு மரத்தை முடித்துவிட வேண்டும். அதிகாலை 3.30 ஆட்டம் முடிகிற நேரமும் அவர் மரத்தடிக்குப் போக வேண்டிய நேரமும் ஒன்று. கொழுந்துக்காரப் பெண் நாலு மணிக்கே எழும்பி அடுப்பு மூட்டி, பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, ஏழு ஏழரைக்கு மலையில் நிற்க வேண்டும். அரைத் தூக்கத்தில் சரிவில் நடப்பது ஆபத்து. கிலோ குறைந்தால் சம்பளம் குறையும். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக ஆனது. ஒரு நள்ளிரவு ஆட்டத்துக்காக மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் போவது ஒரு முழு நாட்சம்பளம். கொழும்பு ஹோட்டலில் ஒருவர் தின்று குடித்து ஆட்டம் பார்க்கிற செலவை நாம் எண்ணுகிறோம். தோட்டத்தில் வீட்டுக்குள் இருந்தபடி பார்க்கிற ஆட்டத்துக்கும் இப்படி ஒரு விலை இருக்கிறது. அதை யாரும் எண்ணுவதில்லை.

பிறகு மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. உலகக் கிண்ணம் வழக்கமாக வருகிற ஜூனும் ஜூலையும் தென்மேல் பருவமழையின் நடுப்பகுதி. கனத்த மழை இறங்கினால் டிஷ் பெட்டியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். கட்டார் போட்டி நவம்பர், டிசம்பரில் வந்ததால் இன்னொரு தொல்லை: இரத்தினபுரி, கேகாலை இரண்டு மாவட்டங்களிலும் பருவ மழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் இடி மின்னல் அதிகம். வானம் முழங்கத் தொடங்கினாலே வீட்டுக்காரம்மா முதலில் பிளக்கைப் பிடுங்குவார், அடுத்து டிஷ் வயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுவார். அவர் செய்வது சரி. பெட்டி எரிந்தால் திரும்ப வாங்க எத்தனை மாதம் ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இரவில் கூடிப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் சாதாரண விஷயமல்ல. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்திலும் மண் சரிந்து லயத்து உயிர்கள் போயின. எனவே எங்கே பார்ப்பது என்று முடிவு செய்யும்போது, அந்தக் கட்டடத்துக்கு மேலே என்ன சரிவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்ட இரவில் எவ்வளவு பெரிய ஆட்டமானாலும் கூட்டம் கூட்டக் கூடாது.

மின்சாரத்தைப் பற்றி 2022 கற்றுத்தந்தது நிறைய. அந்த ஆண்டு மார்ச், ஏப்ரலில் 13 மணி நேரம் வரை போன மின்வெட்டு, கட்டார் போட்டி நடந்த நாட்களில் இரண்டு மணி நேரத்தைச் சுற்றி வந்து நின்றது. ஆகஸ்டில் கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏறியது. குறைவாகப் பாவிக்கிற வீடுகளுக்கு ஏற்றம் அதைவிடக் கடுமை. லயத்து வீடுகள் பெரும்பாலும் அந்த வகைதான். மறு பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். ஏற்கனவே பல வீடுகளில் தொலைக்காட்சி இரவுச் சீரியலுக்கு மட்டும் ஓடுகிற பொருளாகிவிட்டிருந்தது. ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை சீரியல் நேரம். அது நாள் முழுக்க மலையில் நின்ற பெண்ணுக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு. அதைப் பிடுங்கி ஆட்டத்துக்குக் கொடு என்று கேட்க எனக்கு மனமில்லை. இரண்டாவது திரை ஒன்று வேண்டும் என்பதே நியாயமான தீர்வு.

மொழியும் ஒரு தடை. உள்ளூர் அலைவரிசையில் ஆட்டம் வந்தால் வர்ணனை ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில். தமிழில் கேட்க விரும்புகிறவர்கள் இந்திய டிஷ் பெட்டியை நாடுகிறார்கள். அதைக் கடையில் ரீசார்ஜ் பண்ண வேண்டும், எந்த அலைவரிசைக்கு எந்தப் பொதி என்று தெரிந்திருக்க வேண்டும். 2022இல் இந்தியாவில் ஜியோசினிமா செயலி தமிழ் வர்ணனையோடு ஆட்டங்களை இலவசமாகக் காட்டியது. அது இந்தியாவுக்குள் மட்டும். வர்ணனை புரியாமல் பார்த்தால் ஆட்டம் புரியாதா என்று கேட்கலாம். புரியும். ஆனால் புதிதாக உட்காருகிற ஒரு அம்மாவுக்கு ஓஃப்சைட் என்றால் என்ன என்று விளங்கவைக்கத் தமிழ்க் குரல் ஒன்று இருந்தால் அவர் அடுத்த ஆட்டத்துக்கும் வருவார்.

இன்றைய இளைஞர்களில் பெரும்பாலோர் ஆட்டம் பார்ப்பது போனில். தோட்டத்தில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. ஒவ்வொரு டிவிசனுக்கும் ஓர் இடம் உண்டு: பாலத்துக் கட்டு, தண்ணித் தாங்கி, மேல் றோட்டு வளைவு. நான்கைந்து பிள்ளைகள் அங்கே குந்தி, ஒரு போனை நடுவில் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ரீலோட் பண்ணின டேட்டா முடிந்தால் அடுத்தவரின் போனுக்கு மாறுவார்கள். போன் படம் தொலைக்காட்சியைவிடச் சில விநாடி பிந்தி வருவதால், கீழ் லயத்தில் டிஷ் வைத்திருக்கிற வீட்டிலிருந்து கோல் என்ற கூச்சல் முதலில் வந்துவிடும். மேலே பாலத்தில் பந்து இன்னும் நடுக்கோட்டிலேயே இருக்கும். போன் நல்லதுதான். யாருடைய இஸ்தோப்பிலும் போய் நிற்க வேண்டிய தேவையை அது ஒழித்தது. ஆனால் ஐந்து பேருக்கு மேல் அதில் பார்க்க முடியாது. இரவு பதினொரு மணிக்குப் பாலத்துக்குப் பெண் பிள்ளை போகவும் முடியாது.

பெண்களை விட்டுவிட்டு இந்த ஆய்வை முடித்துவிட முடியாது. துரை கிளப், உத்தியோகத்தர் கிளப், டவுன் கடை, பாலத்துக் கட்டு என்று இதுவரை சொன்ன இடங்களில் ஒன்றில்கூடத் தோட்டத்துப் பெண்கள் தாமாகப் போய் உட்கார முடியாது. லயத்து வீடு ஒன்றில்தான் முடியும். அங்கும் விருந்துக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது யார் என்பது தெரிந்த விஷயம். ஒரு கூட்டுப் பார்வை இடம் நல்லதா இல்லையா என்று தீர்மானிக்க என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான்: பள்ளிக்கூடத்தில் உதைபந்து ஆடுகிற பதினாலு வயதுப் பெண் பிள்ளை தன் அம்மாவோடு அங்கே வந்து உட்காருவாளா?

தோட்டத்தை விட்டுப் போனவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொழும்பில் புடைவைக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் நிற்கிற நம் பிள்ளைகள் கடலுக்கு நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஆட்டம் பார்ப்பது கடை மூடிய பிறகு, மாடியில் பாய் விரித்த அறையில், மறுபடியும் போனில். ஹோட்டல் திரை அவர்களுக்காக வைத்தது அல்ல. 2022இல் ஆட்டம் நடந்த டோஹாவும் ஒரு கடற்கரை நகரம்தான். அங்கே கடலோரத்து அல் பித்தா பூங்காவில் 40,000 பேர் கொள்ளும் ரசிகர் திடல் இருந்தது. தொழிலாளர்கள் பெருங்கூட்டமாகப் பார்த்தது நகரின் ஓரத்தில், தொழிற்பேட்டைப் பக்கம், ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் கட்டிய திரையில். கட்டாரில் வசிப்பவர்களுக்கு மலிவான டிக்கெட் 40 ரியால் என்று வைத்தார்கள், அது உண்மையான நன்மை. ஆனாலும் உலகக் கிண்ணம் நடக்கிற ஊரிலேயே யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பதை வேலையும் வதிவிடமும்தான் தீர்மானித்தன. லயத்தில் நடப்பதும் அதேதான், அளவு மட்டும் சிறியது.

அதே கிண்ணத்தின்போது கேரளத்தில், கொச்சிக்குப் பக்கத்து முண்டக்காமுகளில், பதினேழு பேர் சேர்ந்து 23 லட்சம் இந்திய ரூபாய்க்கு ஒரு வீட்டையே வாங்கினார்கள், எல்லோரும் கூடி ஆட்டம் பார்க்க. செய்தியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தந்தது பணம் அல்ல. பதினேழு பேர் தீர்மானித்தார்கள், ஒரு நிலமும் கட்டடமும் அவர்கள் பெயருக்கு மாறியது. சப்ரகமுவத் தோட்டத்தில் பதினேழு குடும்பம் சீட்டுப் போட்டுக் காசு சேர்க்க முடியும். கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் சேர்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் வாங்குவதற்கு நிலம் இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. பிறகு 53 ஆண்டுக் குத்தகை. லயத்து வீடும் அதன் முற்றமும் வாசகசாலைச் சுவரும் குடியிருப்பவர் பெயரில் இல்லை. ஒரு மண்டபம் கட்டவோ ஏற்கனவே உள்ளதை நீட்டவோ மேலிடத்துக் கையெழுத்து வேண்டும். 2023இல் மலையகம் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தது. இருநூறு ஆண்டுக்குப் பிறகும் ஒரு டிவிசனுக்குத் தன் பெயரில் ஓர் அறை இல்லை.

அப்படியானால் இன்றைக்கு என்னதான் வழி? கொழுந்து மடுவத்துக்குக் கூரையும் சீமெந்துத் தரையும் விளக்கும் உண்டு, பெண்களுக்குப் பழகிய இடம். ஆனால் சுவரில்லாமல் சாரல் அடிக்கும், துரை அனுமதியில்லாமல் நடக்காது. பிள்ளைக் காம்பராவுக்குச் சுவர் உண்டு, சிறியது. பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் இருக்கலாம். அதிபரும் வலயக் கல்விக் காரியாலயமும் இரவு நிகழ்ச்சிக்கு ஒப்ப வேண்டும், அது பல நேரம் தூரமும்கூட. நான் தெரிவு செய்வது கோயில் மண்டபம். அங்கே சாராயம் வராது, அம்மாமார் கேள்வியில்லாமல் வருவார்கள், திருவிழாவுக்கு வாங்கிய ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களைத் தோட்டத் தலைவரே அவர்கள் வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும், அவர்களும் வந்தால்தான் அது டிவிசனின் கூட்டம். டிக்கெட் போடவும் கூடாது, கடைக்காரர் விளம்பரப் பதாகை கட்டவும் கூடாது. காசுக்காகக் காட்டினால் ஒளிபரப்பு உரிமம் வேண்டும். வெள்ளைச் சீலை ஒன்றும் வாடகைப் புரொஜெக்டரும் போதும்.

எல்லா ஆட்டத்தையும் பார்க்கத் தேவையில்லை. 2026இன் 104 ஆட்டத்தில் இரவு 9.30 ஆட்டங்களில் சிலவற்றையும், அரையிறுதி ஒன்றையும், இறுதி ஆட்டத்தையும் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த இறுதி ஆட்டம் நம் நேரத்தில் ஜூலை 20, திங்கட்கிழமை நள்ளிரவு 12.30க்கு. அது நேரத்தோடு முடிந்தாலே இரண்டரை மணி ஆகும், மேலதிக நேரமும் பெனல்டியும் போனால் மூன்றரை. தோட்டத் தலைவர்மார் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியது இரண்டு: மண்டபத்துக்கு அன்றைய இரவு அனுமதி, திங்கள் காலைப் பிரட்டை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது. ரப்பர் டிவிசனில் நேரத்தைத் தள்ள முடியாது, மரம் காத்திருக்காது. அங்கே வேலைக்கு வராதவருக்கு அந்த ஒரு நாளை ஈடுசெய்ய இன்னொரு ஞாயிறு வெட்டக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கடிதம் ஜூன் மாதத்திலேயே போக வேண்டும்.